பணம் வந்த மறுநாள் முதல்: நிறுவனருக்கும் முதலீட்டாளருக்கும் ஒரு வழிகாட்டி

முதல்முறையாக வெளியாரிடம் முதலீடு வாங்கப் போகிறவர்களுக்கும், முதல்முறையாக இன்னொருவர் கம்பெனியில் பணம் போடப் போகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் படித்திருந்தால் பாதிச் சண்டை வராது. எப்படிப் பணம் திரட்டுவது, எந்த மதிப்பீட்டில் வாங்குவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பணம் வந்த மறுநாளிலிருந்து எப்படி நடந்துகொள்வது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. வளர்கிற தொழிலில் தலைமைப் பண்பு என்று நான் நினைப்பது பெரும்பாலும் ஒரு பழக்கத்தைத்தான்: கெட்ட செய்தியைத் தெரிய வேண்டியவரிடம் தெரிந்த வாரத்திலேயே சொல்வது, கேட்கிறவரும் சொன்னவர்மேல் பாயாமல் கேட்பது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பழக்கத்துக்கு இடம் பண்ணிக் கொடுப்பவை.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துக்கொள்வோம். கோவையில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து நடத்தும் பிரைவேட் லிமிடெட், மசாலாப் பொடியும் சிறுதானிய மாவும் விற்கிறது. கணக்கைப் புரியவைக்க அங்கங்கே இந்தக் கம்பெனியைக் கூப்பிடுகிறேன்.

முதலில், வெளிப் பணம் வேண்டுமா?

சென்னையிலிருந்தே இரண்டு வழிக்கும் சான்று இருக்கிறது. 1996-ல் தொடங்கிய மென்பொருள் கம்பெனி ஜோஹோ, வெளி முதலீட்டாளர் யாரையும் சேர்த்துக்கொள்ளாமலே வளர்ந்தது. 2010-ல் தொடங்கிய இன்னொரு மென்பொருள் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ், அடுத்த வருடமே ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் பணம் வாங்கி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. எது உயர்ந்தது என்று வாதம் பண்ணுவதில் பயனில்லை. உங்கள் தொழிலுக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

ஆர்டர் கையில் இருக்கிறது, மிஷின் வாங்கவும் சரக்கு போடவும் மட்டும்தான் காசு வேண்டும் என்றால் வங்கிக் கடன்தான் மலிவு. சொத்து அடமானம் இல்லாதவர்களுக்கு சிறுதொழில் கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கும் சிஜிடிஎம்எஸ்இ திட்டத்தில் கடன் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பங்கு விற்று வாங்கும் பணம், முடிவு நிச்சயமில்லாத, ஆனால் ஜெயித்தால் பல மடங்காகக்கூடிய முயற்சிக்கு. நிதானமாக வருடம் 10 சதவீதம் வளர்ந்து குடும்பத்தையும் ஊழியர்களையும் நன்றாக வைத்துக்கொள்ளும் தொழில் மிக நல்ல தொழில், ஆனால் அதற்கு ஃபண்டு பணம் பொருந்தாது. ஃபண்டு நடத்துகிறவரும் வேறு யாரிடமோ பணம் வாங்கித்தான் போடுகிறார், எட்டு பத்து வருடத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கெடு உங்கள் கம்பெனிமேலும் விழும்.

நிறுவனர்கள் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டியவை

முதலீட்டாளரைப் பார்க்கப் போகும் முன்பே இதை முடியுங்கள். நம் கோவை நண்பர்கள் ஆளுக்குப் பாதி வைத்திருக்கிறார்கள். எட்டாவது மாதத்தில் ஒருவருக்கு வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டால், வேலையே செய்யாத ஒருவரிடம் பாதிக் கம்பெனி இருக்கும். அடுத்து வரும் எந்த முதலீட்டாளரும் அதைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார். அதற்குத்தான் வெஸ்டிங். வழக்கமாக நான்கு வருடம் வைப்பார்கள், முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது, அதற்குப் பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு உரிமையாகும். நண்பனிடம் எப்படி இதைக் கேட்பது என்று தயங்காதீர்கள், இது இரண்டு பேரையும் ஒரே மாதிரி கட்டுகிறது. அப்புறம் எந்த முடிவு யாருடையது, கருத்து ஒத்துப்போகாவிட்டால் யார் சொல்வது நிற்கும், சம்பளம் எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

டேர்ம் ஷீட்டில் எங்கே கண் வைக்க வேண்டும்

முதலீட்டு நிபந்தனைகளைச் சுருக்கமாக எழுதி ஒப்பந்தத்துக்கு முன்பே தரும் தாள்தான் டேர்ம் ஷீட். அதில் கம்பெனிக்குப் போட்ட மதிப்பீட்டு எண்ணில் எல்லோரும் கண் வைக்கிறார்கள். அதைவிட முக்கியமானவை மூன்று இருக்கின்றன.

ஒன்று, ஓட்டு. கம்பெனிச் சட்டப்படி சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும், சிறப்புத் தீர்மானத்துக்கு 75 சதவீதம். அதனால் 25 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வைத்திருப்பவர் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்க முடியும். ஒரு டைரக்டரை நீக்குவதற்குச் சாதாரணத் தீர்மானமே போதும், ஆகவே உங்கள் பங்கு பாதிக்குக் கீழே இறங்குகிற முதலீட்டுச் சுற்றில், உங்கள் நாற்காலிக்கு ஒப்பந்தத்தில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று வக்கீலிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இரண்டு, கம்பெனியை விற்றால் யாருக்கு முதலில் பணம் என்பது. முதலீட்டாளர் 4 கோடி போட்டு 20 சதவீதம் வாங்கினார், பிறகு கம்பெனி 10 கோடிக்குத்தான் விலைபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னுரிமை எதுவும் இல்லையென்றால் அவருக்கு 2 கோடி. ஒரு மடங்கு முன்னுரிமை இருந்தால் முதலில் 4 கோடி அவருக்கு, மீதி 6 கோடி மற்றவர்களுக்கு. முன்னுரிமையும் உண்டு, மீதியிலும் பங்கு உண்டு என்று எழுதியிருந்தால் 4 கோடிக்கு மேல் 1 கோடியே 20 லட்சமும் சேர்ந்து 5 கோடியே 20 லட்சம். ஒரு மடங்கு நியாயம் என்பது என் எண்ணம், மீதியிலும் பங்கு கேட்பதை எதிர்த்துப் பேசுங்கள்.

மூன்று, முதலீட்டாளர் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல் வரும். புதுப் பங்கு, பெரிய கடன், கம்பெனியை விற்பது போன்றவை அதில் இருப்பது சரி. ஒரு மேலாளரை வேலைக்கு எடுக்கவும் சம்மதம் வேண்டும் என்று இருந்தால் கம்பெனியை நீங்கள் நடத்த முடியாது. இன்னொன்றும் முக்கியம்: பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதியதைக் கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸிலும் ஏற்றுங்கள். பங்கு மாற்றத்துக்குப் போடும் கட்டுப்பாடு ஆர்ட்டிகிள்ஸில் இல்லாவிட்டால் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே ஒரு குடும்பக் கம்பெனி வழக்கில் சொல்லிவிட்டது.

பணம் வந்த முதல் மாதம்

இது பெரும்பாலும் ஆடிட்டரும் கம்பெனி செக்ரட்டரியும் பார்க்கும் வேலை, ஆனால் தேதி தவறினால் மாட்டுவது நீங்கள். பிரைவேட் பிளேஸ்மென்ட் வழியில், அதாவது குறிப்பிட்ட சிலருக்கு மட்டும், பங்கு கொடுத்தால் பணம் தனி வங்கிக் கணக்கில் வர வேண்டும், ரொக்கமாக வாங்கக் கூடாது. பணம் வந்து 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கி 15 நாளுக்குள் அதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பாஸ்-3 படிவம் போட வேண்டும், அதைப் போடும்வரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. நியாய மதிப்பைவிட அதிக விலைக்குப் பங்கு விற்றால் அந்தக் கூடுதல் பணத்துக்குப் போட்ட, ஏஞ்சல் வரி என்று எல்லோரும் பயந்த வரியை 2024 ஜூலை பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். அதனால் மதிப்பீட்டு அறிக்கையே தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள், கம்பெனிச் சட்டம் அதைக் கேட்கும்.

சிங்கப்பூரிலிருந்து மாமாவோ துபாயிலிருந்து சித்தப்பாவோ போடுகிறார் என்றால், பிற்பாடு பணத்தை வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகும் உரிமையோடு போடுகிறாரா, அந்த உரிமை இல்லாமலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உரிமையோடு என்றால் பங்கு ஒதுக்கி 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம், நண்பரிடம் கம்பெனி பெயரில் கைமாற்று வாங்குவது, கம்பெனிகள் வெளியாரிடம் பணம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் டெபாசிட் விதிகளில் சிக்கவைக்கும், ஆடிட்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சொந்தக்காரர்கள் தரும் பணம் கடனா பங்கா என்று எழுதாமல் விட்டதால் கல்யாண வீட்டில்கூடப் பேசிக்கொள்ளாமல் போன குடும்பங்கள் நிறைய உண்டு.

மாதாமாதம் ஒரு கடிதம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் முதலீட்டாளர்கள் எல்லோருக்கும் ஒரே கடிதம் போக வேண்டும், பத்து லட்சம் போட்டவருக்கும் பத்து கோடி போட்டவருக்கும் அதே கடிதம். ஒரு பக்கம் போதும். அழகான படங்கள் வேண்டாம். நம் கோவைக் கம்பெனி எழுதினால் இப்படி இருக்கும்:

"ஜூலை 31 அன்று வங்கியில் 72 லட்சம். மாதச் செலவு வரவைவிட 8 லட்சம் அதிகம், இப்படியே போனால் 9 மாதத்துக்கு வரும். விற்பனை 40 லட்சம், போன மாதம் 38. 90 நாளைத் தாண்டிய பாக்கி 19 லட்சம், அதில் 11 லட்சம் ஒரே டிஸ்ட்ரிபியூட்டரிடம் நிற்கிறது. அவருக்கு இந்த வாரத்திலிருந்து கடனுக்குச் சரக்கு நிறுத்தியிருக்கிறோம். சாம்பார்ப் பொடியில் ஈரப்பதம் கூடியதாகப் புகார் வந்து ஒரு பேட்ச்சைத் திரும்ப எடுத்தோம், காரணம் பேக்கிங் மிஷின் சீல், மாற்றியாயிற்று. உற்பத்தி மேலாளர் இந்த மாதத்தோடு விலகுகிறார். உதவி வேண்டும்: மதுரை, திருநெல்வேலி பக்கம் நல்ல டிஸ்ட்ரிபியூட்டர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்."

இதில் கவனிக்க வேண்டியவை சில. முதல் வரி வங்கி இருப்பு. அது எப்போதும் முதல் வரியாகவே இருக்கட்டும், குறைந்த மாதத்தில் கீழே தள்ளிவிடும் ஆசை வரும், அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். போன மாதம் சொன்ன அதே எண்களை இந்த மாதமும் சொல்லுங்கள். விற்பனை இறங்கிய மாதத்தில் திடீரென்று இன்ஸ்டாகிராம் ஃபாலோயர் எண்ணிக்கையைக் காட்டினால் படிக்கிறவருக்கு உடனே புரிந்துவிடும். கெட்ட செய்தியோடு காரணமும், நீங்கள் எடுத்த நடவடிக்கையும் சேர்ந்தே வரட்டும். நடவடிக்கை இன்னும் தெரியவில்லை என்றால் "யோசிக்கிறோம், 20-ஆம் தேதிக்குள் சொல்கிறோம்" என்று எழுதுங்கள், அதற்காகச் செய்தியைப் பிடித்து வைக்காதீர்கள். உதவி கேட்கும்போது செய்யக்கூடியதாகக் கேளுங்கள்.

பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளர்கிற கம்பெனிகள் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். மாதம் 40 லட்சம் விற்பனை, 75 நாள் கடன் என்றால் எப்போதும் 1 கோடி ரூபாய் வெளியில் நிற்கும். விற்பனை 60 லட்சமாக உயர்ந்தால் ஒன்றரைக் கோடி நிற்கும். அதாவது நீங்கள் ஜெயித்ததற்காகவே இன்னொரு 50 லட்சம் கைக்காசைப் போட வேண்டும், லாபநஷ்டக் கணக்கில் இது தெரியவே தெரியாது. அதனால்தான் விற்பனைக்குப் பக்கத்திலேயே பாக்கியையும் எழுதச் சொல்கிறேன். நீங்கள் உத்யம் என்ற சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு உள்ள மைக்ரோ அல்லது ஸ்மால் உற்பத்தியாளர் என்றால், ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குகிறவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால், பணம் கட்டும்வரை அந்தச் செலவை அவர் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்து வையுங்கள், பெரிய கடைகளின் கணக்குப் பிரிவு அதைப் பார்க்கும்.

போர்டு மீட்டிங்

சட்டம் கேட்பது வருடத்துக்கு 4 கூட்டம், இரண்டுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது, 7 நாள் முன்பே நோட்டீஸ். சிறிய கம்பெனிகளுக்கு 2 கூட்டமே போதும் என்று சலுகை இருக்கிறது, ஆனால் வெளிப் பணம் வாங்கிய பிறகு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கும் குறிப்புகளும் ஐந்து நாள் முன்பே போய்ச் சேரட்டும், கூட்டத்தில் ஸ்லைடு வாசிக்கும் வேலை வேண்டாம். இரண்டே கேள்விகளை முன்வைத்து அவற்றைப் பேசி முடியுங்கள். கூட்டத்தில் யாரும் முதல்முறையாகக் கெட்ட செய்தி கேட்கக் கூடாது, முந்தைய நாளே போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஒழுங்கு போனால் என்ன ஆகும் என்பதற்கு பைஜூஸ் கதை எல்லோர் கண்முன்னும் நடந்தது. 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புப் போட்ட ஆன்லைன் கல்விக் கம்பெனி அது. 2021 மார்ச்சோடு முடிந்த வருடத்தின் தணிக்கைக் கணக்கு 2022 செப்டம்பரில்தான் வெளிவந்தது, அதில் நஷ்டம் 4,500 கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த வருடக் கணக்கும் தாமதமாக, 2023 ஜூனில் ஆடிட்டர் டெலாய்ட் விலகியது, முதலீட்டாளர்கள் சார்பில் போர்டில் இருந்த மூன்று பேரும் அப்போதே வெளியேறினார்கள். 2024 ஜூலையில், கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடிக்காகக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது. நிறுவனர் தரப்பை மட்டும் குறை சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. கணக்கு ஒரு வருடம் தாமதமாகும்போது, ஏன் என்று போர்டில் உட்கார்ந்திருப்பவர்களும் கேட்டிருக்க வேண்டும்.

காசு குறையும்போது

எத்தனை மாதம் மிச்சம் இருக்கும்போது என்ன செய்வது என்று நல்ல நாளிலேயே எழுதி வையுங்கள், நெருக்கடியில் யாருக்கும் தெளிவாக யோசிக்க வராது. நான் சொல்வது இது: 9 மாதம் இருக்கும்போது அடுத்த சுற்றுப் பேச்சைத் தொடங்குங்கள், ஏனென்றால் பேசி முடித்துப் பணம் கணக்கில் வர ஆறு மாதம் சாதாரணமாக ஆகும். 6 மாதத்துக்கு வந்தால் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டு நிறுவனர்கள் தங்கள் சம்பளத்தைக் குறைக்க வேண்டும். 4 மாதத்தில் பெரிய வெட்டு.

ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே தடவையில் முடியுங்கள். மாதம் மூன்று பேர் என்று நறுக்கினால், இருப்பவர்களில் நல்லவர்கள் அடுத்தது தாங்கள்தானோ என்று தாங்களே கிளம்பிவிடுவார்கள். முகம் பார்த்து நிறுவனரே சொல்ல வேண்டும், நிலுவை எல்லாம் கணக்குத் தீர்த்துத் தர வேண்டும், அடுத்த வேலைக்கு நாலு இடத்தில் பேச வேண்டும். நம் ஊரில் யாரை எப்படி அனுப்பினார்கள் என்ற பேச்சு பல வருடம் நிற்கும்.

காசு இறுகும்போது பலர் முதலில் நிறுத்துவது டிடிஎஸ் (மற்றவர்களுக்குத் தரும் பணத்தில் பிடித்துக் கட்டும் வருமான வரி), பிஎஃப், ஜிஎஸ்டி. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஊழியர் சம்பளத்தில் பிடித்த பிஎஃப் பணத்தைக் கட்டாமல் விடுவது குற்ற வழக்கு வரைக்கும் போகும், பிரைவேட் கம்பெனியின் வரிப் பாக்கி டைரக்டர் தலையிலேயே விழ இடமிருக்கிறது. டிடிஎஸ் 7-ஆம் தேதி, பிஎஃப்பும் ஈஎஸ்ஐயும் 15-ஆம் தேதி, மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்கு 20-ஆம் தேதி. இவற்றுக்கான காசைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால் கைவைக்கத் தோன்றாது.

பணம் போட்டவர்களுக்கு

போட்ட பணம் முழுக்கப் போனாலும் வீட்டில் அடுப்பெரியும் என்ற அளவுக்கே போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் போடாமல், நன்றாக நடக்கும் கம்பெனியின் அடுத்த சுற்றுக்குப் பாதியாவது வைத்திருங்கள். மாதக் கடிதம், கணக்கைப் பார்க்கும் உரிமை இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், பிறகு உரிமையாகக் கேட்கலாம்.

நிறுவனரைத் தாண்டி ஊழியருக்கு உத்தரவு போடாதீர்கள், சின்ன யோசனைகூட. "ஐயா சொன்னார்" என்று அது தொழிற்சாலைக்குள் போய் நிறுவனரின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்துவிடும். கெட்ட செய்தியோடு போன் வந்தால் முதல் பத்து நிமிடம் கேள்வி மட்டும் கேளுங்கள்: எப்போது தெரிந்தது, எவ்வளவு பெரியது, அடுத்து என்ன, நான் என்ன செய்யட்டும். அந்தப் போனில் நீங்கள் கத்தினால் அடுத்த கெட்ட செய்தி உங்களுக்கு ஆறு மாதம் தாமதமாகத்தான் வரும். கடிதம் வந்தால் இரண்டு வரியாவது பதில் போடுங்கள். பதிலே வராத கடிதத்தை எந்த நிறுவனரும் நாலு மாதத்துக்கு மேல் எழுத மாட்டார்.

ஆட்களை மேலே வைப்பது

முப்பது நாற்பது பேர் ஆனதும் எல்லா முடிவும் உங்கள் மேஜைக்கே வந்து நிற்கும். முதலில் கணக்கைப் பார்க்க ஒரு நல்ல ஆளை எடுங்கள், விற்பனைத் தலைவரை எடுப்பதற்கு முன்பே. எத்தனை ரூபாய் வரை யார் கேட்காமல் செலவு செய்யலாம் என்று எழுதிக் கொடுங்கள். ஊழியர்களுக்கு ஈசாப் திட்டத்தில் பங்கு வாங்கும் உரிமை கொடுப்பதானால், கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்தே அது உரிமையாகும் என்பதையும், வரி எப்போது வரும் என்பதையும் தமிழில் உட்காரவைத்துச் சொல்லுங்கள், புரியாத பங்குக்கு ஊழியர் மனதில் மதிப்பில்லை.

ஒரு கட்டத்தில் நடத்தும் பொறுப்பையே வேறொருவரிடம் கொடுக்க வேண்டி வரலாம். ஃப்ரெஷ்வொர்க்ஸில் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் 2024 மே மாதம் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை டென்னிஸ் வுட்சைடிடம் கொடுத்தார், வுட்சைட் அதற்கு முன்பே அங்கே பிரசிடென்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். உள்ளே கொஞ்ச காலம் பழகிய ஒருவரிடம் கொடுப்பது ஊழியர்களுக்கும் அதிர்ச்சியில்லாத வழி.

வெளியேறும் வழி

முதலீட்டாளர் ஒருநாள் கிளம்புவார். சென்னையின் நுகர்பொருள் கம்பெனி கவின்கேரில் 2013-ல் சுமார் 250 கோடி போட்ட முதலீட்டு நிறுவனம் கிரிஸ்கேபிட்டலின் பங்கை, 2017-ல் 525 கோடிக்கு நிறுவனர் தரப்பே திரும்ப வாங்கிக்கொண்டது. எல்லோருக்கும் அந்த வசதி இருக்காது. அதனால் எத்தனையாவது வருடத்திலிருந்து அவர் விற்கலாம், முதலில் உங்களிடம் கேட்க வேண்டுமா, போட்டியாளருக்கு விற்கலாமா, அவர் விற்கும்போது உங்களையும் சேர்ந்து விற்கச் சொல்லும் உரிமை எந்த விலைக்கு மேல் செல்லும் என்பதையெல்லாம் பணம் வாங்கும் நாளிலேயே எழுதுங்கள். அந்தக் கடைசி உரிமைக்குக் குறைந்தபட்ச விலை ஒன்றும், குறைந்தது ஐந்து வருடக் காத்திருப்பும் கேட்டுப் பெறுங்கள். அதன் பிறகு வருடம் ஒருமுறை போர்டில் இதைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிடுங்கள்.